வாயால் ஓட்டிய கப்பல்

என் ஓரகத்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள் என்றதும் ஊருக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடும், இன்றைக்கு என்ன சண்டை என்று. சண்டை உண்டுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குளியலறையை யார் முதலில் பிடிப்பது என்பதில் ஆரம்பித்து, ஈரத் துண்டை நாற்காலியில் போட்டது யார் என்பது வரைக்கும் எங்களுக்குள் எல்லாச் சண்டையும் உண்டு. ஆனால் வெளியாள் யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் நான் யார் என்று காட்டிவிடுவேன். என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவின் காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் அக்காவின் காலடியில். வருஷக்கணக்காக அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, படத்தில் யாராவது வேகமாகப் போனால் அவள் வலது கால் தரையை அழுத்தும். குரலும் அந்த மாதிரிதான். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் "என்னம்மா?" என்பார்.

அவள் பாடம் நடத்துவதில் ஒரு தனி முறை உண்டு. "முதல்ல வாயால ஓட்டுங்க, அப்புறம் கையால ஓட்டலாம்" என்பாள். அதாவது, எதைச் செய்வதற்கு முன்பும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'இப்போ கண்ணாடியைப் பார்க்கிறேன். பின்னாடி லாரி வருது. இப்போ சிக்னல் போடறேன். அப்புறம் திரும்பறேன்.' சொல்லாமல் கை போனால் அக்காவின் கால் பிரேக்குக்குப் போகும். இவளிடம் கற்றுக்கொண்ட ஒரு பல் டாக்டர், பழக்க தோஷத்தில் நோயாளியிடமும் 'இப்போ ஊசி எடுக்கிறேன், அப்புறம் குத்தப்போறேன்' என்று சொல்ல ஆரம்பித்து, பாதிப்பேர் எழுந்து ஓடிவிட்டதாகக் கேள்வி.

இந்த முறையைத்தான் அவள் தன் பெண்ணிடமும் கடைப்பிடித்தாள். பெண்ணுக்கு ஆறு வயது. வாய்ப்பேச்சு குறைவு, ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் வீட்டில் அவள் வண்டு. டாக்டர் ஆட்டிசம் என்றார். வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஆளுக்கு ஒரு வைத்தியமும் சொன்னார்கள். அக்கா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டுவின் எதிரே உட்கார்ந்து, "இப்போ செருப்பு. அப்புறம் படி. அப்புறம் கார்" என்பாள். முன்கூட்டியே மூன்று துண்டாகச் சொல்லிவிட்டால் வண்டு மகாராணி மாதிரி நடந்து வருவாள். சொல்லாமல் திடீரென்று ஏதாவது நடந்தால், முக்கியமாகப் பெரிய சத்தம் கேட்டால், இருந்த இடத்திலேயே குப்புறப் படுத்துவிடுவாள். அது கடையோ, மருத்துவமனை வராந்தாவோ, நடுரோடோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். பிறகு யார் வந்து தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

இந்த நிலைமையில்தான் வீட்டில் கப்பல் பேச்சு வந்தது.

எங்கள் மாமனார் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் பூராவும் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஒருதரம்கூடக் கடலில் போனதில்லை. அவரைச் சொகுசுக் கப்பலில் நாலு நாள் கூட்டிக்கொண்டு போவது என்று மகன்கள் இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து மேஜையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு ரூம் போதும்," என்றார் என் வீட்டுக்காரர். "ஒண்ணுல நாங்க ரெண்டு பேர். இன்னொண்ணுல அப்பாவும் அண்ணனும்."

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்போ நானும் வண்டுவும் எங்க படுக்கிறது? மொட்டை மாடியிலயா?"

அக்காவின் கணவர், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுவோம், தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடினார். எனக்கே அப்போதுதான் விஷயம் புரிந்தது. மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரரை ஓர் உதை விட்டேன். அது பெரியவருக்குப் போய்ச் சேர்ந்தது, அதுவும் நல்லதுதான்.

"அவங்களைப் பாக்காதே, நான்தான் சொன்னேன்," என்றார் மாமனார். "கோவிச்சுக்காதேம்மா. சைரன் அடிச்சா மனுஷங்க என்ன ஆவாங்கன்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்கிறவங்களே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவாங்க, காலைப் பிடிச்சு இழுத்திருக்கேன். வீட்டுல தீப்பிடிச்சா வெளியே தெரு இருக்கு. கப்பல்ல வெளியே என்ன இருக்கு? இவ படுத்துக்குவா. நீ இவளை விட்டுட்டு வர மாட்டே. என் பையன் உங்களை விட்டுட்டு வர மாட்டான். ஊர் சுத்தப் போய் உங்களைத் தொலைச்சிட்டு வரவா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். பயத்தில் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அக்கா தட்டுகளைக் கீழே வைத்தாள். "சைரனுக்குப் படுக்காம நின்னா?"

"நின்னா தாராளமா வரட்டும். கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி, எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டி, சைரன் அடிச்சு ஒத்திகை பார்ப்பாங்க. அதுல அவ படுத்துட்டா, நீயும் அவளும் இறங்கிடணும். பேச்சு மாறக் கூடாது."

"சரி மாமா. மாற மாட்டேன்."

"அவங்க இறங்கினா நானும் இறங்கிடுவேன்," என்றேன் நான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாளிலிருந்து அக்கா கப்பல் கம்பெனி முன்பதிவு அலுவலகத்தில் ஒரு பெண்ணின் உயிரை வாங்க ஆரம்பித்தாள். அறையில் ஒலிபெருக்கி கட்டிலுக்கு மேலேயா, கதவுக்கு மேலேயா? ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் எந்தப் பகுதியில்? பாட்டுக் கச்சேரிக் கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி அறை கிடைக்கும்? பால்கனி வேண்டவே வேண்டாம், பிள்ளை ஏறிவிடும். கூட்டம் வருவதற்கு முன்னால் எங்களுக்கு மட்டும் சாப்பாடு கிடைக்குமா? வரிசையில் நிற்காமல் முதலில் ஏறலாமா? கொஞ்ச நாளில் அந்தப் பெண் அக்காவின் குரலைக் கேட்டதுமே, "சொல்லுங்கம்மா, இன்னைக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். கடைசியில் அவளே ஒருநாள் கூப்பிட்டு, "உங்க ரூம் ஜன்னல் திறக்காது, நானே கேட்டுட்டேன்" என்றாள். தங்கமான பெண்.

அடுத்தது மிதவைச் சட்டை. ஒத்திகையில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நீச்சல்குளத்தில் தெரிந்தவர்களிடம் பெரியதும் சின்னதுமாக நாலைந்து வாங்கி வந்தாள் அக்கா. வண்டு அதைத் தொட்ட கையை உதறினாள், வார் உறுத்தியது. அக்கா பழைய பனியன் துணியை வெட்டி வார் முழுக்கச் சுற்றித் தைத்தாள். பிறகு, வீட்டில் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு. வண்டுவின் கண்ணுக்குப் பழக வேண்டுமாம். நான் ஆரஞ்சு நிறத்தில் குண்டாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, குழாய்ல அவ்வளவு தண்ணியா வருது?"

என் மானம் கப்பலேறியது அன்றைக்குத்தான். ஆனால் அன்று சாயங்காலம் வண்டு தானாக வந்து சின்னச் சட்டைக்குள் தலையை விட்டாள். கழற்றவும் விடவில்லை, அதோடுதான் தூங்கினாள்.

தைரியம் வந்துவிட்டது எங்களுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பலுக்குப் பதில் சின்னதாக ஆரம்பிப்போம் என்று, அக்கரைக்குப் போகும் படகில் எல்லோருமாக ஏறப் போனோம். வண்டு அழகாக நடந்து வந்தாள். பலகைப் பாலத்தில் பாதி தூரம் வந்தபோது படகுக்காரர் ஹாரனை அழுத்தினார். அவ்வளவுதான். பாலத்தின் நடுவில் குப்புறப் படுத்துவிட்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஜனங்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். தொப்பி போட்ட ஓர் அம்மாள், "பிள்ளையை வளர்க்கத் தெரியலைன்னா வெளியே கூட்டிட்டு வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் சும்மா இருப்பேனா? அவள் அக்கரை போய்ச் சேரும்வரை என் குரல் அவள் காதில் கேட்டிருக்கும்.

காரில் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். மாமனார், "பாத்தியாம்மா?" என்றார்.

"பாத்தேன் மாமா." அக்காவின் கண் சிவந்திருந்தது. "அவ மேல தப்பில்லை. ஹாரன் அடிப்பாங்கன்னு நான் அவகிட்ட சொல்லவே இல்லையே. வாயால ஓட்டாம கையால ஓட்ட விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "கப்பல் சைரன் எப்படி இருக்கும் மாமா? தெரியுமா?"

மாமனாரிடம் சைரனைப் பற்றிக் கேட்பது, புதிதாகக் குழந்தை பெற்றவளிடம் பிரசவத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி. வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. முன்பதிவு அலுவலகப் பெண்ணை அவரே போனில் பிடித்து, குட்டிக் குட்டியாக ஏழு, கடைசியில் நீளமாக ஒன்று என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். முதலில் அக்கா தன் போனில் அந்தச் சத்தத்தை, பக்கத்து அறையில், தலையணைக்கு அடியில் வைத்துப் போட்டாள். வண்டுவின் எதிரே உட்கார்ந்து, "இப்போ குட்டிச் சத்தம். அப்புறம் நீளச் சத்தம். அப்புறம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவாள். நாளாக ஆகத் தலையணை போனது, கதவு திறந்தது, போன் நடுக்கூடத்துக்கு வந்தது.

மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இதெல்லாம் ஒரு சைரனா? கொசு கத்தற மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் பழைய நிலையத்துக்குப் போய், சிநேகிதர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, சைரனும் அடிக்கிற ஒரு மெகாஃபோனைக் கொண்டு வந்துவிட்டார். அதை முழுச் சத்தத்தில் அலறவிட்டபோது வண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, நின்றாள். ஆடாமல் நின்றாள். சத்தம் ஓய்ந்ததும் மாமனார் தன்னை மறந்து கையைத் தட்டினார். நாங்களும் தட்டினோம். வண்டு ஒரு குதி குதித்துவிட்டு ரீங்காரத்தை ஆரம்பித்தாள். அதன் பிறகு சாயங்காலம் தவறாமல் எங்கள் வீட்டில் கப்பல் மூழ்கியது. மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காதில் பஞ்சோடு வந்து உட்கார்ந்து தானும் கை தட்டிவிட்டுப் போவார்.

பயண நாள் வந்தது. முன்பதிவு அலுவலகப் பெண் சொன்னபடியே எங்களை வரிசையில் நிறுத்தாமல் முதலில் ஏற்றினார்கள். அறை, கட்டில், திறக்காத ஜன்னல் எல்லாம் அக்கா வாயால் சொல்லிவைத்தபடியே இருந்தன. ஆனாலும் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. தன் துணியும் வண்டுவின் துணியும் இருந்த பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாள். இறங்க வேண்டி வந்தால் இறங்கத் தயாராக இருந்தாள்.

பெரிய சாப்பாட்டுக் கூடம். நூற்றுக்கணக்கான பேர், எல்லோர் கழுத்திலும் ஆரஞ்சுச் சட்டை. மேடை மாதிரி ஒரு படியின் மேல் கப்பல் ஊழியப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கியோடு நின்றாள். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி எங்கள் எதிரே நின்றார். அக்கா மண்டி போட்டு, "இப்போ குட்டிச் சத்தம். அப்புறம் நீளச் சத்தம். அப்புறம் முடிஞ்சுது" என்றாள்.

சைரன் அடித்தது. மெகாஃபோன் எல்லாம் இதன் கால்தூசி. சுவர், தரை, என் பல் எல்லாம் அதிர்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் வீலென்று அழுதான். வண்டு காதைப் பொத்தினாள். எழுந்து நின்ற அக்காவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. குட்டிச் சத்தம் எல்லாம் முடிந்து நீளச் சத்தம் வந்தது, போய்க்கொண்டே இருந்தது, நின்றது.

வண்டு நின்றுகொண்டிருந்தாள்.

நான் என் வீட்டுக்காரரின் கையைக் கிள்ளிய கிள்ளலில் அவர் துள்ளினார். பெரியவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். ஊழியப் பெண் ஒலிபெருக்கியில் ஏதோ விளக்க ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில் வண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. முனகினாள். அப்படியே முழங்கால் மடங்கித் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. சத்தமெல்லாம் ஓய்ந்தபின் எதற்குப் படுக்கிறாள்? அக்கா பாய்ந்து உட்கார்ந்து வாரைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், "முடிஞ்சுதுடா கண்ணு, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிப் பார்த்தாள். முடிஞ்சுது என்று சொல்லச் சொல்ல முனகல்தான் அதிகமானது. அக்கா நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். தோளில் பையைச் சரிசெய்துகொண்டாள். "பேச்சுன்னா பேச்சுதான் மாமா," என்றாள். குரல் எழும்பவில்லை அவளுக்கு. நான் அந்தக் குரலை அவளிடம் கேட்டதே இல்லை.

மாமனார் தரையில் உட்கார்ந்தார். வண்டு தலையைத் தூக்கினாள். தவழ்ந்து அவர் பக்கம் போனாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள், ஒன்றோடு ஒன்று மோதினாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் மோதினாள், கோபமாக.

"அட கடவுளே!" என்றார் மாமனார். "நாம யாருமே கை தட்டலையே!"

தட்டினார். நாங்களும் வெறி பிடித்த மாதிரி தட்டினோம். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, ஒத்திகையில் இதுவும் ஒரு விதி போலிருக்கிறது என்று அவர்களும் தட்டினார்கள். அது பின்வரிசைக்குப் பரவி, கூடம் முழுக்க, ஆரஞ்சுச் சட்டை போட்ட அத்தனை பேரும் தட்டினார்கள். விளக்கிக்கொண்டிருந்த ஊழியப் பெண் திகைத்துப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து ஒரு வணக்கம் வைத்தாள். வண்டு எழுந்து நின்று ஒரே குதி குதித்தாள்.

அக்கா மட்டும் தட்டவில்லை. "படுத்துட்டா மாமா. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாரு படுத்தா? சைரனுக்கா படுத்தா?" மாமனாரின் குரல் கைதட்டலையும் மீறிக் கேட்டது. "நாம ஒத்திகையைப் பாதியில விட்டோம், அதுக்குப் படுத்தா! எத்தனை வருஷம் எத்தனை பேருக்கு ஒத்திகை நடத்தியிருக்கேன். எப்போடா முடியும், டீ குடிக்கப் போகலாம்னு நிப்பாங்க. முறையா முடிக்கலைன்னு தரையில விழுந்து போராட்டம் பண்ண ஒரே ஆள் இவதான். பையை இறக்கும்மா! இனிமே இவளை விட்டுட்டு எங்கேயாவது போகலாம்னு யாராவது சொல்லட்டும், நான் உட்பட."

அக்கா பையை இறக்கினாள். அது ஒன்றும் கனமான பை இல்லை, ஆனால் இறக்கியதும் அவள் தோள் இரண்டும் தொங்கிவிட்டன. நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் காதில் கத்தினேன், அவள் காது வலிக்க.

கப்பல் புறப்படும் நேரம் ஆனது. "போங்க, ரெண்டு பேரும் போய் வேடிக்கை பாருங்க," என்று மாமனார் எங்களைத் துரத்தினார். "இவளை நான் பாத்துக்கறேன்." அதுவரைக்கும் அவர் வண்டுவைத் தனியாக வைத்துக்கொண்டதே இல்லை. அக்கா தயங்கித் தயங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேல்தளக் கம்பிக்கு வந்தாள். அவர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி, ஒரு கப்பல்காரரிடம் மாமனார் ஏதோ விசாரித்தபடி நின்றிருந்தார்கள். கரை மெல்ல நகர்ந்தது. அக்கா வெறும் கையோடு நின்று ஒரு விஷயத்தைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கும் இருந்திருக்காது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அப்போது தலைக்கு மேலே கப்பலின் ஹாரன் பிளிறியது. வானமே இடிந்து விழுந்த மாதிரி சத்தம். நானும் அக்காவும் அலறிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவராக, மரத்தளத்தில் விழுந்தோம். விழுந்த வேகத்திலேயே அக்கா, "ஐயோ, வண்டு!" என்று திரும்பினாள்.

வண்டு காதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தாள். பக்கத்தில் மாமனாரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். ஹாரன் எப்போது அடிக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து, அவளிடம் மூன்று துண்டாகச் சொல்லி முடித்திருக்கிறார் மனிதர். சத்தம் ஓய்ந்ததும் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"நாங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுதானே இருக்கோம்! நீங்க ரெண்டு பேரும் ஏம்மா படுத்துட்டீங்க?"

அக்கா எழுந்திருக்கவே இல்லை. அந்த மரத்தளத்திலேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.